சேப்பாக்கம் அரண்மனை: வீடு ஆபீஸ் ஆன கதை



சிவில் பிரிவில் சேர்ந்த நாளிலிருந்து நம் காதில் அடிக்கடி விழும் சொல் ஒன்று உண்டு. 'பி.டபிள்யூ.டி.' சீனியர்களைக் கேட்டால், "டிப்ளமோ முடிச்சிட்டு பி.டபிள்யூ.டி.ல ஜே.இ. ஆயிட்டா போதும்ப்பா, வாழ்க்கை செட்டில்" என்பார்கள். அந்த பொதுப்பணித் துறையின் தலைமை அலுவலகம் சென்னை சேப்பாக்கத்தில் இருக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த அலுவலக வளாகமே ஒரு காலத்தில் ஒரு நவாப் குடியிருந்த வீடு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மெரினா கடற்கரைச் சாலையில் நூறு தடவை பஸ்ஸில் போனவர்கள்கூட அந்த அரண்மனையைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தாலும் அரண்மனை என்று தோன்றியிருக்காது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் எங்கள் ஊரிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் ஊர் முட்டுக்காடு. கழிமுகத்தைத் தாண்டினால் கோவளம். இன்றைக்குக் கோவளம் என்றால் கடற்கரை, தர்கா, மாதா கோயில், வறுத்த மீன்! ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் அது நவாபுகளின் துறைமுகம். 'சாதத் பந்தர்' என்று அதற்குப் பெயர். கடலோரம் ஒரு கோட்டையும் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்து வைத்திருந்தபோது, 1752-ல் ராபர்ட் கிளைவ் படையோடு வந்து கோவளத்தையும் அடுத்து செங்கல்பட்டுக் கோட்டையையும் கைப்பற்றினார். யாருக்காக? ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக. சென்னையில் இருக்கிற வாலாஜா சாலை இவர் பெயரில்தான்.

கம்பெனி சும்மா சண்டை போடவில்லை. சண்டைக்கான செலவையெல்லாம் நவாப் கணக்கில் எழுதியது. வட்டியும் ஏறியது. கடைசியில் 1763-ல் செங்கல்பட்டுச் சீமையை நவாப் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்துவிட்டார். அதாவது நம் தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலேயே முட்டுக்காடு, திருப்போரூர், மாமல்லபுரம் எல்லாம் கடன் கணக்கில் கைமாறிப்போன நிலம். வரலாற்றுப் புத்தகத்தில் இது ஒரு வரிதான். நம் ஊர்க்காரர்களுக்கு அது ஒரு வரியாக இருக்க முடியாது.

இப்படி நிலத்தைக் கொடுத்துவிட்டு அவர் செய்த அடுத்த காரியம் வீடு கட்டியது! ஆற்காட்டில் இருப்பதைவிட வெள்ளைக்காரனின் பீரங்கி நிழலில் இருப்பதே பாதுகாப்பு என்று நினைத்தார். புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே ஓர் அரண்மனை கட்ட விரும்பினார். அது கைகூடவில்லை. எனவே கோட்டைக்குத் தெற்கே, கூவத்துக்கு இந்தப் பக்கம், சேப்பாக்கத்தில் கட்டினார். 1768-ல் முடிந்தது. அரண்மனைத் தோட்டத்தோடு சேர்த்து 117 ஏக்கர். சுற்றிலும் மதில். உள்ளே இரண்டு பெரிய கட்டிடங்கள். ஒன்று கலச மஹால். இது இரண்டு மாடி, நவாபின் வாசஸ்தலம். இன்னொன்று ஹுமாயூன் மஹால். தர்பார் கூடம் இங்கேதான். இன்று கிரிக்கெட் மேட்ச் நடக்கிற சேப்பாக்கம் மைதானம், பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் நிற்கிற இடம் எல்லாமே அந்தத் தோட்டத்தின் துண்டுகள்தான்.

கட்டியவர் பால் பென்ஃபீல்டு என்று பரவலாகச் சொல்லுவார்கள். கம்பெனியில் என்ஜினீயராக வந்தவர், பிறகு காண்ட்ராக்டர், அதற்கும் பிறகு வட்டிக்கு விடுபவர். நவாபுக்கே பெரிய தொகையாகக் கடன் கொடுத்தார். அந்தக் கடன் விவகாரம் எவ்வளவு நாறியது என்றால், 1785-ல் லண்டன் பார்லிமெண்டில் எட்மண்ட் பர்க் 'ஆற்காட்டு நவாபின் கடன்கள்' என்ற ஒரே தலைப்பில் மணிக்கணக்காகப் பேசினார். நம் ஊர்க் கடன் உலகப் புகழ் பெற்றது! பென்ஃபீல்டும் நன்றாக வாழ்ந்து முடிக்கவில்லை. 1810-ல் பாரிஸில் வறுமையில் செத்தார். எஸ்டிமேட் போடுகிறவனும், பில் பாஸ் செய்கிறவனும், பணம் கடன் கொடுக்கிறவனும் ஒரே ஆளாக இருந்தால் என்ன ஆகும் என்று நம் 'எஸ்டிமேட்டிங் அண்டு காஸ்டிங்' பாடத்தில் சேர்க்கலாம்.

இனி நமக்குப் பிடித்த விஷயத்துக்கு வருவோம். அந்த வீட்டை எதை வைத்துக் கட்டினார்கள்? சிமெண்ட் அப்போது கிடையாது. இரும்பு உத்தரமும் கிடையாது. செங்கல், தேக்கு, சுண்ணாம்பு, அவ்வளவுதான். மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு அந்தக் காலத்தில் உலகம் சுற்றியவர்களையே அசத்தியது. தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர் பளிங்கு மாதிரி இருக்கும் என்று வந்தவர்கள் எழுதி வைத்தார்கள். அந்தச் சுண்ணாம்பு மலையிலிருந்து வெட்டியது இல்லை. கடலோரத்திலும் கழிமுகத்திலும் பொறுக்கிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு எடுத்தது.

கிளிஞ்சல் என்று எழுதும்போது என் ஆயாவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல். ஆயாவுக்குக் கையெழுத்துப் போடவும் வராது. ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் முட்டுக்காட்டுக் கழியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காலால் தடவி, கிளிஞ்சல் அரித்துக் கூடையில் சுமந்தவர். காளவாய்க்காரருக்கு மூட்டைக் கணக்கில் போடுவார்களாம். "சிமிட்டி வந்துச்சு, எங்க பொழப்பு போச்சு" என்பார். செமஸ்டருக்காகச் சுண்ணாம்புப் பாடத்தை நான் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு, "இதுக்கா ஃபீஸ் கட்டுற? சுண்ணாம்பு நீத்தறப்ப தண்ணிய மேல ஊத்தினா மூஞ்சி வெந்துடும், தண்ணில சுண்ணாம்பப் போடணும்னு அந்தப் புக்குல கீதா?" என்று கேட்டார். புத்தகத்தில் சமன்பாடு இருந்தது. மூஞ்சி வேகும் என்று இல்லை.

சமன்பாடு ஒன்றும் கஷ்டமில்லை. கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். சுட்டால் கரியமில வாயு போய்விடும், சுட்ட சுண்ணாம்பு நிற்கும். தண்ணீர் சேர்ந்தால் கொதித்து நீர்த்த சுண்ணாம்பு ஆகும். சுவரில் பூசியபின் அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். கிளிஞ்சல் சுற்றிக்கொண்டு வந்து மறுபடி கிளிஞ்சலாகவே சுவரில் உட்கார்ந்துவிடுகிறது! இதற்கு மாதக்கணக்கு, வருஷக்கணக்கு ஆகும். அதனால்தான் அவசரக்காரர்களுக்குச் சுண்ணாம்பு பிடிப்பதில்லை.

மேலே கூரை 'மெட்ராஸ் டெரஸ்'. நம் பாடத்தில் அரைப் பக்கம் வரும், இரண்டு மார்க் கேள்வி. தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புக் கலவை வைத்துப் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட் மூன்று நான்கு அங்குலம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்ட வேண்டும். கட்டை எகிறிக் குதிக்கிற பதம் வந்தால் போதும். அதற்கும் மேலே தட்டோடு. இந்தக் கூரை இரண்டு நூற்றாண்டு தாங்கும். ஒரே ஒரு பலவீனம். எல்லாம் மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இதை நினைவில் வையுங்கள். பின்னால் வரும்.

வீடு கட்டிய முகமது அலி 1795-ல் இறந்தார். 1801-ல் கிளைவின் மகன் எட்வர்டு கிளைவ் சென்னை கவர்னராக இருந்தபோது, கர்நாடக ராஜ்யத்தின் நிர்வாகம் முழுவதையும் கம்பெனி எழுதி வாங்கிக்கொண்டது. நவாபுக்குப் பட்டமும் பென்ஷனும் வீடும் மட்டும் மிச்சம். 1855-ல் கடைசி நவாப் குலாம் கௌஸ் கான் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் டல்ஹௌசி பட்டத்தையும் எடுத்துவிட்டார். கடனுக்காக அரண்மனை ஏலத்துக்கு வந்தது. 1859-ல் ஏலத்தில் எடுத்தது யார் தெரியுமா? சென்னை அரசாங்கமே! வீட்டைப் பறித்தவர்களே ஏலம் கூவி, அவர்களே எடுத்தார்கள்.

அன்றிலிருந்து அது ஆபீஸ். வருவாய் வாரியம், பொதுப்பணித் துறை, ஆவணக் காப்பறை. நமக்கு இன்னொரு செய்தி: 1794-ல் கோட்டையில் எட்டு மாணவர்களோடு ஒரு சர்வே பள்ளி தொடங்கினார்களே, அதுதான் வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. அது 1920-ல் கிண்டிக்குப் போகுமுன் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. நவாப் படுத்துறங்கிய இடத்தில் நம் முன்னோடிகள் தியோடலைட் பிடித்துப் பழகியிருக்கிறார்கள்.

அரசாங்கத்துக்கு இடம் போதவில்லை. ராபர்ட் சிஷோம் என்ற கட்டிடக் கலைஞரிடம் ஒப்படைத்தார்கள். மாநிலக் கல்லூரியும் செனட் ஹவுஸும் இவர் கைவண்ணம்தான். இரண்டு மஹால்களுக்கும் நடுவில் ஓர் உயரமான சதுர கோபுரத்தைக் கட்டி இரண்டையும் இணைத்தார். வாலாஜா சாலைப் பக்கம் ஆவண அலுவலகம் கட்டினார். கடலைப் பார்த்துப் பொதுப்பணித் துறைக்கு ஒரு நீண்ட முகப்பு எழுப்பினார். பழைய கட்டிடத்தின் வளைவுகளையும் குவிமாடங்களையும் பார்த்து அதே பாணியில் புதியதையும் அமைத்ததால் எது நவாபுடையது, எது அரசாங்கத்துடையது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆரம்பத்தில் சொன்னேனே, கடற்கரையிலிருந்து அரண்மனை தெரியாது என்று. காரணம் இதுதான். ஆபீஸ் முன்னால் நிற்கிறது, வீடு உள்ளே மறைந்துகொண்டிருக்கிறது. போன நூற்றாண்டில் எழிலகம் முதலிய பெரிய கட்டிடங்களும் வந்து சுற்றி நெருக்கிவிட்டன.

இதில் ஒரு வேடிக்கை. அரண்மனையை இழந்த குடும்பத்துக்கு 'ஆற்காட்டு இளவரசர்' என்று பட்டம் கொடுத்து, குடியிருக்க ராயப்பேட்டையில் அமீர் மஹாலைக் கொடுத்தார்கள். 1798-ல் கம்பெனியின் அலுவலகமாகக் கட்டிய கட்டிடம் அது. அதை வீடாக மாற்றிக் கொடுத்தவரும் அதே சிஷோம்தான். 1876-ல் அங்கே குடிபோனார்கள். ஒரே மனிதர் ஓர் அரண்மனையை ஆபீஸாக்கினார், ஓர் ஆபீஸை அரண்மனையாக்கினார். இதைவிட நல்ல 'டிசைன் எக்ஸர்சைஸ்' வேறு உண்டா?

வீட்டை ஆபீஸாக்குவது நாற்காலி மேஜை போடுவதோடு முடிகிற வேலை இல்லை. இதை நாம் கணக்கோடு பார்க்கலாம். ஐ.எஸ். 875 இரண்டாம் பாகத்தைத் திறந்தால், குடியிருப்பு அறைக்கு நேரடிச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன். ஃபைல் வைக்கத் தனி அறை இல்லாத ஆபீஸுக்கு 4. ஃபைல்களை அடுக்கும் அறைக்கு 5. மெத்தையும் திண்டும் கிடந்த மாடியில் ரெவின்யூ கட்டுகளை அடுக்கினால் அந்தத் தேக்குச் சட்டத்தின் மேல் இரண்டரை மடங்கு சுமை. பழைய கட்டிடத்தில் அரசு அலுவலகம் நடக்கும் எந்த ஊருக்கும் போய்ப் பாருங்கள், ஒரே காட்சிதான். பெரிய கூடத்தைப் பலகைத் தட்டி வைத்துப் பத்தாகப் பிரித்திருப்பார்கள். வளைவுகளைச் செங்கல் வைத்து அடைத்திருப்பார்கள். ஏ.சி.க்கு ஜன்னலை உடைத்திருப்பார்கள். ஒயர் எங்கேயிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. சுவர் பொரிந்தால் மேலே ஒரு கை சிமெண்ட் பூச்சு.

அந்த சிமெண்ட் பூச்சுதான் எல்லாவற்றிலும் மோசம் என்பது என் கருத்து. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். உள்ளே ஏறிய ஈரம் பூச்சு வழியாக வெளியேறிவிடும். சிமெண்டால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். கடல் பக்கத்து உப்பும் சேர்ந்து பழைய செங்கல்லை மாவாக்கிவிடும். வெளியே பார்க்கச் சுவர் புத்தம் புதுசாக இருக்கும்! உத்தரத்தின் முனை சுவருக்குள் இருக்கிற இடத்தில் ஈரம் சேர்ந்தால் மரம் உளுத்துப் போகும். இந்த வேலையைச் செய்வது பெரிய என்ஜினீயர் இல்லை, 'மெயிண்டெனன்ஸ்' பார்க்கிற ஜே.இ. அதாவது நாளைக்கு நாம்.

2012 ஜனவரி 16, பொங்கல் விடுமுறை. அதிகாலையில் கலச மஹால் தீப்பிடித்தது. உள்ளே இருந்தது தொழில் வணிகத் துறை உள்ளிட்ட அலுவலகங்கள். அதாவது காகிதம், மரப்பலகை, காகிதம், மறுபடி காகிதம். தேக்குச் சட்டம் எரிந்ததும் நாம் மேலே பார்த்த கூரை, செங்கல்லும் காரையும் தட்டோடும் சேர்த்து, மொத்தமாகக் கீழே இறங்கியது. தீயை அணைக்க உள்ளே போன தீயணைப்பு அலுவலர் ஒருவர் இறந்தார். பெண் அதிகாரி ஒருவர் உட்பட மற்றவர்கள் கடுமையான காயத்தோடு தப்பினார்கள். தீ எங்கிருந்து தொடங்கியிருந்தாலும், அது தின்பதற்கு வேண்டியதையெல்லாம் நூற்றைம்பது வருஷமாக அடுக்கி வைத்தது ஆபீஸ்தான்.

நின்றது வெறும் சுவர். இடித்துவிடலாம் என்ற பேச்சும் வந்தது. அப்படி இடித்த கதை சென்னையில் பக்கத்திலேயே இருக்கிறது. அண்ணா சாலையில் அரசினர் தோட்டத்தில் ஆங்கிலேய கவர்னர்கள் குடியிருந்த பழைய அரசினர் மாளிகை, புதிய சட்டமன்றக் கட்டிடத்துக்காக இடிக்கப்பட்டது. 2010-ல் திறந்த அந்தப் புதிய கட்டிடம் 2014-ல் மருத்துவமனை ஆகிவிட்டது. மாளிகைக்குத் துணையாக 1802-ல் கட்டிய விருந்து மண்டபம் மட்டும் ராஜாஜி ஹால் என்ற பெயரில் தனியாக நிற்கிறது. கலச மஹாலுக்கு அந்தக் கதி வரவில்லை. உயர் நீதிமன்றத்தின் 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு, நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த சென்னைப் பாரம்பரியக் கட்டிடங்களின் பட்டியலுக்கு ஒரு மரியாதை இருந்தது. பட்டியலில் பெயர் இருந்தால் சும்மா இடித்துவிட முடியாது. கடைசியில் சீரமைப்பது என்று முடிவானது.

செய்தது யார்? அதே பொதுப்பணித் துறை. ஆனால் இந்தத் தடவை சிமெண்ட் இல்லை. சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், பழைய பக்குவம். அதற்கு அடுத்து ஹுமாயூன் மஹால். அது தீயில் போகவில்லை. கவனிப்பாரற்றே போனது. ஆபீஸ்களைக் காலி செய்தபின் பூட்டிக் கிடந்து, கூரை சரிந்து, சுவரில் ஆலும் அரசும் முளைத்துக் கிடந்தது. அதையும் அதே முறையில் தூக்கி நிறுத்தினார்கள். இந்த வேலை தெரிந்த கொத்தனார்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு தலைமுறை முழுக்க சிமெண்ட் மட்டுமே தெரிந்தவர்கள். கலவை பதம் எப்போது வரும் என்று கையால் தொட்டுச் சொல்கிறவர்கள் வயதானவர்கள். ஆயாவிடம் இதைச் சொன்னேன். "அப்பவே எங்கள வுட்டுட்டு இப்ப தேடறாங்களா" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் முட்டுக்காட்டிலேயே தட்சிணசித்ரா இருக்கிறது. 1996-ல் திறந்தார்கள். செட்டிநாட்டு வீடு, கேரள வீடு என்று பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். நான் பலமுறை போயிருக்கிறேன். அருமையான வேலை. ஆனால் அங்கே அடுப்பு எரியாது. அந்த வீடுகளில் யாரும் தூங்குவதில்லை. சேப்பாக்கம் வேறு ரகம். கலச மஹாலில் இப்போது தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு நடக்கிறது. மனு கொடுக்க ஆள் வருகிறார்கள், வக்கீல்கள் படியேறுகிறார்கள், மின்விசிறி சுற்றுகிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஆள் புழங்குகிற கட்டிடத்தில் ஒழுகினால் உடனே யாராவது சத்தம் போடுவார்கள். ஆனால் புழங்குகிறவர்கள் மறுபடி தட்டி அடிக்கவும் ஃபைல் அடுக்கவும் ஆரம்பித்தால்? அதைத் தடுக்கிற கையெழுத்து அந்தப் பிரிவின் ஜே.இ. போடுகிற கையெழுத்துதான். 2012-லேயே பாரம்பரியக் கட்டிடங்களுக்கு ஓர் ஆணையம் அமைக்கச் சட்டமும் போட்டார்கள். சட்டம் சுவரைத் தட்டிப் பார்க்காது.

அடுத்த முறை இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்குச் சென்னை போகிறவர்கள், மால் மால் என்று ஓடாமல் சேப்பாக்கத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். வாலாஜா சாலையிலிருந்து சிஷோம் கோபுரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தால் இரண்டு மஹாலும் தென்படும். வளைவு எங்கே முடிகிறது, சிஷோம் எங்கே தொடங்குகிறார் என்று தேடிப் பாருங்கள். சுவரை விரலால் மெல்லத் தட்டினால் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் சத்தம் வித்தியாசமாகக் கேட்கும். காவலர் வந்து "என்னய்யா தட்டிக்கிட்டிருக்க?" என்றால், "சிவில் ஸ்டூடண்ட் சார்" என்று சொல்லுங்கள். விட்டுவிடுவார் என்று நான் கேரண்டி தர மாட்டேன்!